மலையில் கண்டதைக் கொப்பியில் எழுதுவோம்

பிரட்டுக்களத்தில் காலையில் ஒரு செய்தி வரும். "ஒன்பதாம் நம்பர் மலையில புலி நிக்குதாம்." அது கொழுந்து மடுவத்துக்குப் போய்ச் சேரும்போது புலி இரண்டாகிவிடும். பின்நேரம் அடுத்த டிவிசனுக்குப் போகும்போது குட்டியும் சேர்ந்திருக்கும். இரண்டு கிழமை கழித்துக் கேட்டால் எந்த மலை, எந்த நாள், யார் கண்டது என்று ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. "யாரோ பாத்தாங்களாம்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

இந்த இதழில் நாம் சொல்ல வருவது இதைப் பற்றித்தான். மலையில் கண்ட மிருகத்தையும் பறவையையும் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். எழுதியதை உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். இதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஒரு அப்பியாசக் கொப்பியும் ஒரு பேனையும் போதும். எந்த ஆராய்ச்சியாளரும் ஒரு மலையில் வருடத்துக்குச் சில நாட்கள்தான் நிற்க முடியும். நீங்கள் விடிந்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறீர்கள்.

இதைச் சொன்னபோது ஒரு அக்கா எம்மிடம் கேட்டார்: "ஏன் தம்பி, எழுதி வச்சா என்ன கெடைக்கப் போகுது? கொப்பியப் பாத்துட்டு புலி போயிருமா?" சிரிப்பதற்கான கேள்வி இல்லை அது. நியாயமான கேள்வி.

புலி போகாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். "அந்த மலைக்குப் போகப் பயமாயிருக்கு, புலி நிக்குது" என்று வாயால் சொன்னால், வேலைக்குப் போகாமல் இருக்கச் சொல்லும் சாக்கு என்று சிலர் நினைப்பார்கள். அதே மலையில் இரண்டு கிழமைக்குள் நான்கு தரம் கண்டதாகத் திகதியும் நேரமும் போட்டு, கண்டவர்களின் பெயரோடு கொப்பியில் இருந்தால், அதைத் தோட்ட நிர்வாகத்தின் மேசையில் வைத்துப் பேசலாம். "காலையில் முதல் ஒரு மணித்தியாலம் அந்தப் பக்கம் ஆள் போட வேண்டாம்", "கான் ஓரத்துப் புல்லை வெட்டித் தாருங்கள்", "தனித்தனியாக நிறை பிரிக்காமல் ஆட்களைச் சேர்த்து விடுங்கள்" என்று கேட்கலாம். எழுத்தில் இருப்பதைத் தட்டிக் கழிப்பது கொஞ்சம் கஷ்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலைநாட்டு மிருகங்களைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதியவர்களில் பலர் தோட்டத்துரைமார். டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்ற துரை இலங்கையின் பாலூட்டி மிருகங்களைப் பற்றி 1935இல் பெரிய கைநூல் ஒன்றை வெளியிட்டார். 1955இல் இலங்கைப் பறவைகளுக்கு வழிகாட்டி நூல் எழுதிய ஜி. எம். ஹென்றி தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். நல்ல வேலை செய்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் அதே மலைகளில் தலைமுறை தலைமுறையாக நின்ற எமது ஆட்கள் கண்டதெல்லாம் பேச்சோடு பேச்சாகப் போய்விட்டது.

புலியா, சிறுத்தையா?

நாம் பேச்சுவழக்கில் புலி என்பது சிறுத்தையைத்தான். வரிப்புலி இலங்கைக் காடுகளில் இல்லை. இலங்கைச் சிறுத்தை இந்த நாட்டுக்கே உரிய ஒரு கிளையினம். எமது காடுகளில் அதை வேட்டையாடித் தின்னும் வேறு பெரிய மிருகம் கிடையாது. உலக அளவில் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பட்டியலிடுபவர்கள் 2008இல் இதை அழியும் ஆபத்திலுள்ள இனம் என்றும், 2020இல் அதற்கு ஒரு படி குறைந்த ஆபத்து என்றும் குறித்தார்கள். ஒரு படி குறைந்தாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை.

சிறுத்தை தோட்டத்துக்குள் வருவது புதினமில்லை. முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக மலைக்காடு வெட்டப்பட்டது. மலை உச்சியிலும் ஆற்றோரத்திலும் செங்குத்தான பாறைப் பக்கங்களிலும் துண்டு துண்டாகத்தான் காடு மிஞ்சியது. ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக வேண்டுமானால் சிறுத்தை தேயிலைக்கு நடுவேதான் நடக்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் மரத்தில் கட்டி வைத்த தானியங்கிக் கமராக்களில் அது இராத்திரியில் தேயிலை மலைக்குள் நடந்து போவது பதிவாகியிருக்கிறது. மரையையும் குரங்கையும் காட்டுப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் அது தேடி வருகிறது. லயத்துப் பக்கம் நாய் அலைந்தால் நாயையும் பிடிக்கும். லயத்துக்குப் பின்னால் குப்பை குவிந்தால் நாயும் பன்றியும் கூடும். அவை கூடினால் சிறுத்தையும் வரும்.

சிறுத்தை என்று சொல்வதெல்லாம் சிறுத்தையில்லை. ஓடையோரத்தில் மீன்பிடிப் பூனை என்றொரு பெரிய காட்டுப்பூனை இருக்கிறது. இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் கண்டால் எவரும் ஏமாறுவார்கள். வித்தியாசம் இதுதான்: சிறுத்தையின் புள்ளிகள் பூப்போல வளையமாக இருக்கும், வால் நீளமாக, கிட்டத்தட்ட நிலத்தைத் தொடுகிற மாதிரித் தொங்கும். மீன்பிடிப் பூனையின் உடம்பு சாம்பல் பூத்த நிறம், புள்ளிகள் சின்னதாக வரிசை கட்டியிருக்கும், வால் கட்டை, காலும் கட்டை. இதிலும் சின்னதாக, வீட்டுப்பூனையை விடச் சிறிய துருப்புள்ளிப் பூனை ஒன்றும் எமது காடுகளில் உண்டு. அதைச் சிறுத்தைக்குட்டி என்று நினைத்து அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே கொப்பியில் முதலில் எழுத வேண்டியது பெயரில்லை, கண்ட அடையாளம். "புலி" என்று மட்டும் எழுதினால் பிறகு வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "நாயை விடப் பெரிசு, வால் நீளம், வளையப் புள்ளி" என்று எழுதினால் போதும், பெயரை மற்றவர்கள் வைத்துக்கொள்வார்கள்.

எழுதும் முறை

மாதிரிக்கு ஒன்று தருகிறோம்.

"செப்டெம்பர் 17, காலை 6.50. இரண்டாம் டிவிசன், ஒன்பதாம் நம்பர் மலை, மேல் பக்கம் டர்பன்டைன் காட்டு ஓரம். ஸ்டோரிலிருந்து நடந்தால் இருபது நிமிசம். சிறுத்தை ஒன்று, பாறை மேல படுத்திருந்திச்சி. எங்களக் கண்டதும் எழும்பி காட்டுப் பக்கம் போச்சி. ஓடல, நடந்துதான் போச்சி. கண்டது மூணு பேர். தூரம் ஐம்பது அடி இருக்கும். பனி இருந்தது, ஆனா தெளிவாத் தெரிஞ்சிச்சி."

இவ்வளவுதான். செந்தமிழ் வேண்டாம், பேசுகிற மாதிரியே எழுதலாம். இதில் நாள், நேரம், இடம், என்ன, எத்தனை, என்ன செய்தது, எவ்வளவு தூரத்தில், யார் யார் கண்டது எல்லாம் இருக்கின்றன. இடம் எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலை நம்பர் எமக்குத் தெரியும், கொழும்பிலுள்ளவருக்குத் தெரியாது. அதனால் ஸ்டோர், கோயில், பாலம், பீலி என்று பக்கத்திலுள்ள ஏதாவதொன்றைச் சேர்த்து எழுதுங்கள். கைத்தொலைபேசி வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் நின்று, வரைபடத்தில் காட்டும் இலக்கங்களைக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அடுத்தது, எவ்வளவு நிச்சயம் என்பது. கண்ணால் கண்டது வேறு, தடம் கண்டது வேறு, இன்னொருவர் சொல்லிக் கேட்டது வேறு. மூன்றையும் எழுதலாம், ஆனால் எது எது என்று பிரித்து எழுத வேண்டும். சந்தேகமிருந்தால் "சந்தேகம்" என்றே போடுங்கள். அதில் வெட்கமில்லை. ஆராய்ச்சி செய்பவர்கள் சந்தேகம் என்று எழுதியதைப் பார்த்துச் சந்தோசப்படுவார்கள். எல்லாவற்றையும் நிச்சயம் என்று எழுதும் கொப்பியைத்தான் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

காணாத நாளையும் எழுத வேண்டும் என்பது பலருக்கு விளங்குவதில்லை. "இன்று ஒன்பதாம் நம்பர் மலையில் நாள் முழுக்க இருபது பேர் நின்றோம், ஒன்றும் காணவில்லை." இதுவும் பதிவுதான். காணாத நாளையும் சேர்த்து எண்ணினால்தான், சிறுத்தை எந்த மாதத்தில் கூட வருகிறது, எந்த மாதத்தில் குறைகிறது என்று தெரியும்.

தடம்

மழை பெய்து விட்ட மறுநாள் காலை, கான் ஓரத்து ஈர மண்ணில் தடம் நன்றாகத் தெரியும். பெரிய சிறுத்தையின் அடி தேநீர்க் கோப்பையின் வாயளவு இருக்கும். நாயின் தடத்தில் நகம் மண்ணில் குத்தியிருக்கும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆகையால் நகக்குறி விழாது. சிறுத்தையின் உள்ளங்காலின் பின்விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும். படம் எடுக்கும்போது தடத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபா நாணயத்தையோ தீப்பெட்டியையோ வைத்து, நேர் மேலேயிருந்து எடுங்கள். அளவுக்கு ஒன்றும் வைக்காத படத்தைப் பார்த்து நாயா சிறுத்தையா என்று சொல்வது வைத்தியருக்குத் தொலைபேசியில் நாடி காட்டுவது போலத்தான்.

மிருகத்தையே படமெடுக்கக் கிடைத்தால் பக்கவாட்டில் எடுத்த படம்தான் பெறுமதியானது. ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளியும் வேறு வேறு. எமது கைரேகை மாதிரி. ஒரே சிறுத்தைக்கே இடது பக்கப் புள்ளி வேறு, வலது பக்கப் புள்ளி வேறு. அதை வைத்துத்தான் ஐந்து தரம் கண்டது ஐந்து சிறுத்தையா, ஒரே சிறுத்தை ஐந்து தரம் வந்ததா என்று கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் படத்துக்காகக் கிட்டப் போகக் கூடாது. இதை நாம் திரும்பத் திரும்பச் சொல்வோம். படம் இல்லாத பதிவும் பதிவுதான்.

கொழுந்து பறிக்கும்போதோ கவ்வாத்து வெட்டும்போதோ சிறுத்தை பாய்ந்து தொழிலாளர்கள் காயப்பட்ட செய்திகள் மலையகத்திலிருந்து பல தரம் வந்திருக்கின்றன. செடிக்குள் படுத்திருந்ததன் மேல் தெரியாமல் கிட்டப் போய் விடுவதும், ஆட்கள் கூடிச் சூழ்ந்துகொண்டு அது போக வழியில்லாமல் செய்வதும்தான் இதில் ஆபத்தானவை. மலையில் இறங்குவதற்கு முன்னால் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு போங்கள். கண்டுவிட்டால் ஓடாமல், முதுகைக் காட்டாமல், அதற்குப் போக ஒரு பக்கம் வழிவிட்டுப் பின்னால் நகருங்கள். செடிக்கடியில் குட்டி கிடந்தால் தொட வேண்டாம், தூக்கிக்கொண்டு வர வேண்டாம். தாய் இரை தேடப் போயிருக்கும், திரும்பி வரும். அந்த நிறையை விட்டுவிட்டு வந்து அறிவியுங்கள்.

கம்பிச் சுருக்கு

மிருகத்தைக் கண்டதை எழுதுவதை விட இதை எழுதுவது கஷ்டம். இதில் மனுசர் சம்பந்தப்படுகிறார்கள்.

2019இல் நல்லதண்ணிப் பக்கத்தில் வனஜீவராசிகள் திணைக்களம் வைத்த கமராவில் கருஞ்சிறுத்தை ஒன்று பதிவானது. கருஞ்சிறுத்தை என்பது வேறு இனமில்லை. சிறுத்தைதான், பிறவியிலேயே நிறம் கறுத்தது. வெயிலில் பார்த்தால் கறுப்புக்குள்ளே புள்ளி தெரியும். இலங்கையில் கருஞ்சிறுத்தை மிக அபூர்வம். 2020 மே மாதம் 26ஆம் திகதி அதே நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், மரக்கறித் தோட்டத்துப் பக்கம் வைத்திருந்த கம்பிச் சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டிக்கொண்டது. திணைக்கள வைத்தியர்கள் அதை விடுவித்து உடவளவைக்குக் கொண்டு போய்ச் சிகிச்சை செய்தார்கள். 29ஆம் திகதி அது செத்துப் போனது.

அந்தச் சுருக்கு சிறுத்தைக்காக வைத்ததாக இருக்காது. காட்டுப்பன்றிக்காகத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். மரக்கறிப் பாத்தியைப் பன்றி ஒரே இராத்திரியில் உழுது போட்டுவிடும். சம்பளம் போதாமல் பாத்தி போட்டவருக்கு அது பெரிய நட்டம், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கம்பிக்கு எந்தக் கழுத்து வருகிறது என்று தெரியாது. பன்றி போகும் பாதையில்தான் பன்றியைத் தேடிச் சிறுத்தையும் போகும். வீட்டு நாயும் போகும். மிருகம் இழுக்க இழுக்கக் கம்பி இறுகும், உள்ளே சதை இரத்த ஓட்டமில்லாமல் அழுகும். ஆகவே பிறகு வெட்டி விடுவித்தாலும் பல மிருகங்கள் பிழைப்பதில்லை.

சுருக்கில் மாட்டிய மிருகத்தைக் கண்டால் நீங்களாகவே அவிழ்க்கப் போகாதீர்கள். கூட்டம் சேர விடாதீர்கள். கூட்டத்தைக் கண்டால் அது மேலும் துள்ளும், கம்பி மேலும் இறுகும். கம்பி அறுந்தால் அது பாயும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. உடனே அழைத்து, இடம், போகும் வழி, மிருகம் உயிரோடு இருக்கிறதா, கம்பி எந்த இடத்தில் இறுகியிருக்கிறது என்று சொல்லுங்கள். சிங்களம் சரளமாகப் பேசக்கூடிய ஒருவரைக் கொண்டு பேச வைத்தால் நேரம் வீணாகாது.

மிருகம் மாட்டாத வெறும் சுருக்கைக் கண்டால்? இங்கேதான் எல்லோரும் தயங்குகிறோம். வைத்தவர் பக்கத்து லயத்து மாமாவாக இருக்கலாம். காட்டிக் கொடுத்ததாகப் பெயர் வரும். கண்டவரையே "நீதானே வச்சே" என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. எமது யோசனை இதுதான்: யார் வைத்தது என்று ஊகித்து எழுத வேண்டாம். எங்கே, எப்போது, என்ன கம்பி, எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். தனியாகப் போய்ச் சொல்லாமல் இரண்டு மூன்று பேராக, தோட்ட உத்தியோகத்தர் ஒருவரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஆளைப் பிடித்துக் கொடுப்பது கொப்பியின் வேலையில்லை. அந்தக் கம்பி அங்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வைத்த மாமாவிடமே நேரில் போய், "மாமா, நாளைக்கு நம்ம புள்ளைங்க நாயக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போகுங்க" என்று சொன்னால் சில நேரம் அதுவே போதும்.

குளவிக்கும் ஒரு பக்கம்

மிருகப் பதிவு என்றதும் சிறுத்தைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் எமது தோட்டங்களில் சிறுத்தையால் காயப்பட்டவர்களை விடக் குளவிக் கொட்டால் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள்தான் அதிகம். உயிர் போனவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கொப்பியில் குளவிக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

நாம் குளவி என்று சொல்வது இரண்டு விதம். மரக்கிளையிலோ பாறையின் அடியிலோ ஒரே பெரிய தட்டாகத் தொங்கி, மேலெல்லாம் பூச்சி மொய்த்திருந்தால் அது மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். கடதாசி மாதிரிச் சாம்பல் நிறத்தில் உருண்டையாக மூடிய கூடு கட்டியிருந்தால் அதுதான் உண்மையான குளவி. இரண்டுமே ஆபத்து. ஆனால் பழக்கம் வேறு. மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். கூட்டை விட்டுப் போய், மாதங்கள் கழித்துப் பழைய மரத்துக்கே திரும்பி வரும். எந்த மரத்துக்கு எந்த மாதம் வந்தது என்று இரண்டு மூன்று வருடம் எழுதி வைத்தால், அடுத்த வருடம் அந்த மாதத்தில் அந்த மலைக்கு ஆள் அனுப்பும் முன்னால் அண்ணாந்து பார்க்கலாம். இதற்குக் கொழும்புக்கு எழுத வேண்டியதில்லை. கணக்கப்பிள்ளை வாசித்தால் போதும்.

எங்கே அனுப்புவது?

அவசரத்துக்கு 1992 என்று சொன்னோம். அவசரமில்லாத பதிவுகளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

பறவைகளுக்கு ஈபேர்ட் என்ற இலவசச் சேவை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 2002இல் தொடங்கியது. எந்த நேரம் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எந்தப் பறவை எத்தனை என்று போட வேண்டும். வழக்கத்துக்கு மாறான பறவையைப் போட்டால் அந்தப் பகுதி பற்றித் தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பார். கோபிக்க வேண்டாம், எல்லோரிடமும் கேட்பார்கள்.

பறவை, மிருகம், ஓணான், தவளை, பூச்சி, செடி எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற சேவை உண்டு. படத்தையோ சத்தத்தையோ திகதி, இடத்தோடு போட்டால், தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். குறைந்தது இரண்டு பேர் ஒரே பெயரை ஒத்துக்கொண்டால் அது ஆராய்ச்சிக்கு எடுக்கக்கூடிய பதிவாகிறது. பெயர் தெரியாமலே போடலாம் என்பது இதில் பெரிய வசதி.

உள்நாட்டில், பறவைப் பதிவுகளுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் இலங்கைக் கள பறவையியல் குழு இருக்கிறது. சிறுத்தைகளை மலைநாட்டில் நீண்ட காலமாகக் கமரா வைத்து ஆராய்பவர்கள் வில்டர்னஸ் அன்ட் வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் ட்ரஸ்ட் என்ற அமைப்பினர். 1894இல் தொடங்கிய வனஜீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் இருக்கிறது.

"இதெல்லாம் இங்கிலீசாச்சே" என்பீர்கள். உண்மைதான், இதுதான் எமது ஆட்களுக்குப் பெரிய தடை. வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பாடசாலைகளில் சுற்றாடல் முன்னோடிக் குழு உண்டு. தோட்டத்துக் கொப்பி பிள்ளைக் காம்பராவிலோ வாசிகசாலையிலோ ஒரு இடத்தில் இருக்கட்டும். கண்டவர் எழுதட்டும், எழுத வராதவர் சொல்ல இன்னொருவர் எழுதட்டும். மாதத்துக்கு ஒரு தரம் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் ஆசிரியரின் உதவியோடு அதை அனுப்பட்டும். ஆச்சி கண்டது, பேத்தி அனுப்பியது என்று இரண்டு பேரின் பெயரையும் கொப்பியில் போடுங்கள்.

எதைச் சொல்லக் கூடாது

அனுப்புவது ஒன்று, ஊரெல்லாம் பரப்புவது வேறு. சிறுத்தைக் குட்டி இருக்கும் பாறையை வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் படத்தோடு போட்டால், அன்று பின்நேரமே பார்க்க ஆள் வரும். பார்க்க வருகிறவரோடு பிடிக்க வருகிறவரும் வருவார். எமது மலைகளில் மட்டுமே இருக்கும் கொம்பு ஓணான்களை வெளிநாட்டில் வளர்ப்பதற்காகக் கடத்துகிறார்கள். அந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 2019இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாட்டில் இலங்கை ஓணான்கள் பலவற்றைப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. மூக்கில் கொம்பு வைத்த ஒரு சின்ன ஓணானுக்கு அவ்வளவு விலையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதனால்தான் சொல்கிறோம். அறிமுகமில்லாத ஒருவர் வந்து காசு தருகிறேன், இடம் காட்டு என்றால் காட்டாதீர்கள்.

ஐநேச்சுரலிஸ்ட்டில் ஆபத்திலுள்ள இனங்களின் சரியான இடத்தை மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைக்கும் ஏற்பாடு உண்டு. நீங்களாகவும் மறைக்கலாம். அனுப்பும் பிள்ளைகளுக்கு முதலில் இதைப் பழக்குங்கள்.

ஆறுமணிக் குருவி

சிறுவர்கள் தொடங்குவதற்கு மிகச் சுலபமானது ஆறுமணிக் குருவி. விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும் கத்துவதால் அந்தப் பெயர். முதுகு பச்சை, இறகில் நீலம், வயிற்றடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் கட்டை. மரத்தில் பறந்து திரியாது, நிலத்தில் சருகைக் கிளறிக்கொண்டு தத்தும். இமயமலை அடிவாரப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் எமது நாட்டுக்கு வரும். சித்திரை வாக்கில் திரும்பிப் போய்விடும்.

வந்து சேரும் நாட்களில் களைத்துப் போய் லயத்துக்குள்ளும் ஸ்டோருக்குள்ளும் விழுவதுண்டு. கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு. பூனை பிடிக்கும் முன்னால் எடுத்து, காற்றோட்டமுள்ள ஒரு கடதாசிப் பெட்டியில் இருட்டாக மூடி ஒரு மணித்தியாலம் வையுங்கள். சோறோ தண்ணீரோ வாயில் ஊட்ட வேண்டாம். தேறியதும் பற்றைப் பக்கம் கொண்டு போய் விடுங்கள். விழுந்த திகதியையும் நேரத்தையும் எழுதுங்கள். செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்தே காது கொடுத்து, முதல் சத்தம் கேட்ட நாளையும், அடுத்த வருடம் கடைசியாகக் கேட்ட நாளையும் எழுதுங்கள். கொப்பியை ஒரு ரெஜிபோர்ம் பெட்டியிலோ பொலித்தீன் பையிலோ போட்டு வையுங்கள். மலைநாட்டு ஈரத்துக்குப் பேனை மை ஊறிவிடும், ஆகவே எழுதுவதற்குப் பென்சில்தான் நல்லது.